சேலையின் மறுமுனை

எங்கள் அண்ணன் கல்யாணத்தில் நான் அழுத அழுகையைச் சொந்தக்காரர்கள் வெகுகாலம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கல்யாணம் என்றால் பெண் அழலாம், பெண்ணைப் பெற்றவள் அழலாம். மாப்பிள்ளையின் கடைசித் தங்கை, அதுவும் முன்பல் விழுந்து பாதி முளைத்து நிற்கிற வயதில், மாட்டுக் கொட்டகையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து ஏன் அழ வேண்டும்? ஒரு சேலைக்காகத்தான். அந்தச் சேலை எனக்கு வரவேண்டியது என்று நான் நினைத்திருந்தேன். ஊரும் அப்படித்தான் நினைத்தது. எங்கள் அம்மா ஒருத்திதான் வேறு மாதிரி நினைத்தாள்.

எங்கள் கொங்குப் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டப் புறப்படும் முன்னால் மாப்பிள்ளை தன் வீட்டுப் பந்தலில் கூடப் பிறந்தவளோடு நிற்க வேண்டும். மணப்பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையின் ஒரு முனையை அவன் பிடித்துக்கொள்வான், மறுமுனையை அவள் பிடித்துக்கொள்வாள். அதற்கப்புறம்தான் அந்தச் சேலை மணப்பெண்ணுக்குப் போகும். புதிதாக ஒருத்தி வருகிறாள் என்பதற்காகக் கூடப் பிறந்தவளின் உறவு அறுந்துபோகாது என்று ஊர் பார்க்க ஒப்புக்கொள்வது அது. இந்த விளக்கமெல்லாம் எனக்கு அப்போது யார் சொன்னார்கள்? இணைச்சீர் நிற்கிறவளுக்குத் தனியாக ஒரு பட்டுச்சேலை எடுப்பார்கள் என்பது மட்டும் தெரியும். அது யுத்த காலம். துணிக்குக் கண்ட்ரோல். பெட்ரோல் கிடைக்காமல் புதுச்சத்திரம் வழியாகக் கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு புகை கக்கியபடி பஸ் ஓடிக்கொண்டிருந்த நாள். ஒரு பாவாடைத் துணி கிடைப்பதே பெரும்பாடு. பட்டுச்சேலை என்றால் சும்மாவா?

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அண்ணன், அக்கா, நான். நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அண்ணன் கல்யாணத்தின்போது அக்காவுக்குப் பாவாடை தாவணி கட்டுகிற வயது. ஆனால் உயரத்தில் என்னைவிடக் கொஞ்சம்தான் கூட. உருண்டை முகம், மேல்நோக்கிச் சாய்ந்த சின்னக் கண்கள், குட்டை விரல்கள், வாய்க்குள் அடங்காத நாக்கு. பேச்சு குழறும். இரண்டு சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேச மாட்டாள். பின்னாளில் சேலத்தில் ஒரு டாக்டரம்மா நான் சொன்ன அடையாளங்களைக் கேட்டுவிட்டு அதற்கு டவுன் சிண்ட்ரோம் என்று பேர் என்றார். அன்றைக்கு எங்கள் ஊரில் அதற்குப் பேர் இல்லை. நல்லவர்கள் அப்புராணி என்றார்கள், மற்றவர்கள் மந்தம் என்றார்கள். அம்மா மாசமாக இருக்கும்போது கிரகணத்தில் வெளியே வந்துவிட்டாள் என்று ஒரு கதையும் உலாவிற்று. அம்மா அதை மறுத்துச் சண்டை போட்டதில்லை. சண்டை போட அவளுக்கு நேரம் எங்கே இருந்தது!

பிறந்தபோது அக்காவுக்குப் பால் குடிக்கவே தெரியவில்லையாம். அம்மா பாலைப் பீய்ச்சிப் பாலாடைச் சங்கில் எடுத்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டியிருக்கிறாள். மற்றப் பிள்ளைகள் ஓடுகிற வயதிலும் அக்காவுக்குக் கால் நிற்கவில்லை. கிணற்று மேட்டு மணலில் இடுப்பளவு குழி தோண்டி, அவளை அதில் நிறுத்தி, சுற்றிலும் மணலை அணைத்துவிட்டு, அம்மா பக்கத்திலேயே களை வெட்டுவாளாம். பார்த்தவர்கள், "ஏனுங்கொ, புள்ளையப் பொதச்சு வெச்சிருக்கறீங்க?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அக்கா நின்றாள், நடந்தாள்.

அம்மாவின் பள்ளிக்கூடத்தில் இரண்டே பாடம்தான். ஒன்று 'புடி', இன்னொன்று 'வெச்சிரு'. செம்பைப் புடி என்றால் பிடிப்பாள். வெச்சிரு என்கிறவரை கீழே வைக்க மாட்டாள். ஒருநாள் கன்றுக்குட்டி மிரண்டு ஓடி, கயிற்றைப் பிடித்திருந்த அக்காவையும் சோளக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தால் முழங்கை எல்லாம் ரத்தம், கயிறு மட்டும் கையில் அப்படியே. கிணற்று மேட்டிலிருந்து அம்மா, "வெச்சிரு சாமி!" என்று ஒரு சத்தம் கொடுத்தாள். அக்கா கயிற்றைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா சொன்னால் விடுவாள். எந்நேரமும் கூடவே திரிந்ததால் நான் சொன்னாலும் விடுவாள். வேறு யார் சொன்னாலும் அது அவள் காதில் ஏறாது. பொழுதுக்கும் ஏர் ஓட்டுவதும் கவலை இறைப்பதுமாகக் காட்டில் கிடந்த அண்ணன் சொன்னாலும் அப்படித்தான்.

அந்தப் பிடியை வைத்து அம்மா அவளுக்கு ஒரு வேலையும் கற்றுக்கொடுத்திருந்தாள். எங்கள் வீட்டு நெய் ராசிபுரத்துக்குப் போகும். தயிர் கடைகிற மத்துக்கயிறு அக்கா கையில்தான். ஒரே சீராக இழுப்பாள். நான் கடைந்தால் பாதியில் அலுத்துப்போய்ப் பானையை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவளுக்கு அலுப்பே கிடையாது. ஆனால் சீக்கிரம் மூச்சு வாங்கும், உதடு நீலம் பாயும். அதைப் பார்த்ததும் அம்மா வெச்சிரு என்பாள். அப்புறம் முதல் வெண்ணெயில் ஓர் உருண்டை எடுத்து அவள் வாயில் போடுவாள். கயிறு இழுக்காத எனக்குச் சின்ன உருண்டைதான் கிடைக்கும். அதற்கும் நான் சண்டை போட்டிருக்கிறேன்.

அண்ணனுக்குப் பெண் ராசிபுரத்துப் பக்கம் அமைந்தது. அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, முன்னின்று பேசி முடித்தார். பெண்ணின் அப்பா வீடு பார்க்க வந்தார். கிணற்றைப் பார்த்தார், மாடுகளைப் பார்த்தார், எல்லாம் திருப்தி. வெயிலில் வந்தவருக்கு அக்கா இரண்டு கையாலும் செம்பை ஏந்தித் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், செம்பை வாங்கவில்லை. அக்கா நீட்டிய கையோடு நின்றுகொண்டே இருந்தாள். கை நடுங்கித் தண்ணீர் அலம்பிற்று. உள்ளேயிருந்து அம்மா, "வெச்சிரு சாமி" என்றாள். அக்கா செம்பை அவர் காலடியில் வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் பெரியப்பா வந்தார். அம்மா கதவோரம் நின்றாள். அண்ணன் வாசலில் குந்திக் கயிறு திரித்துக்கொண்டிருந்தான்.

"பொண்ணூட்டுல எல்லாம் சம்மதந்தான். ஒண்ணே ஒண்ணு சொல்றாங்க" என்று ஆரம்பித்தார் பெரியப்பா. "கல்யாணத்துக்கப்பறம் நீயும் அந்தப் புள்ளையும் தோட்டத்துல இருக்கற ஓலைச் சாளையில இருந்துக்கோணுமாம். புதுசா வர்ற புள்ள, நாளைக்கு மாசமா இருக்கறப்ப, அந்த மொகத்தையே பாத்துட்டு இருந்தா வகுத்துல இருக்கறதுக்கு ஆகாதுன்னு பயப்படறாங்க."

"நான் இருக்கற வரைக்கும் சாளையில வெச்சுப் பாத்துக்குவனுங்க மாமா" என்றாள் அம்மா. "எனக்குப் பொறவு?"

பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதுக்கு எங்கியாச்சும் ஒரு கோயல் குளத்துல..." என்று இழுத்தார்.

அம்மா அண்ணனைப் பார்த்தாள். எங்கள் அண்ணன் கெட்டவன் அல்ல. அக்காவை வண்டியில் உட்கார வைத்துச் சந்தைக்குக் கூட்டிப் போனவன்தான். ஆனால் பெரியவர்கள் எதிரில் அவனுக்கு நாக்கே இல்லாமல் போய்விடும். அப்பா இல்லாத வீட்டுப் பையன் என்று எல்லார் பேச்சுக்கும் தலையாட்டியே வளர்ந்தவன். அன்றைக்கும் தலையைக் குனிந்து கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். திரித்த புரியையே பிரித்து மறுபடி திரித்தான். அம்மா அவன் வாயைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள்.

கடைசியில், "அதையெல்லாம் அப்பறம் பாத்துக்கலாமுங்க மாமா" என்றாள். "இணைச்சீருக்கு மட்டும் மூத்தவதான் நிக்கோணும்."

பெரியப்பா பதறிப்போனார். "ஏம்மா, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? அது எப்படி நிக்கும்? நம்ம மானம் போயிரும். சின்னவ பளிச்சுனு இருக்கறாளே, அவளை நிறுத்து."

"மூத்தவ உசுரோட இருக்கறாளுங்களே மாமா."

அவ்வளவுதான் சொன்னாள். முறை அவள் பக்கம் இருந்தது. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். நான்தான் விடவில்லை. பட்டுச்சேலை கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போகிறதே! அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நச்சரித்தேன். அவளுக்கு எதற்குச் சேலை, கட்டத் தெரியுமா, வாயில் எச்சில் ஒழுகுமே என்று என்னென்னவோ சொன்னேன்.

"உனக்கு நாளைக்கு ஒரு ஊடு வரும் கண்ணு. ஒருத்தன் வந்து உனக்குச் சேலை எடுப்பான்" என்றாள் அம்மா.

"அக்காளுக்கு?"

"அக்காளுக்கு இதுதான்."

சரி, பாவம், அவளுக்கு வாழ்நாளில் இந்த ஒரு சேலைதான் போலிருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொண்டும் அழுகை மட்டும் நிற்கவில்லை.

அன்றிலிருந்து தயிர் கடைந்து முடிந்ததும் அக்காவை இணைச்சீருக்குப் பழக்கினோம். அம்மாவின் பழைய வெள்ளைச்சேலை ஒன்றை மடித்துக் கூறைச்சேலையாக்கினோம். மாப்பிள்ளை நான். மீசைக்குக் கரி பூசிக்கொள்ளக்கூட அம்மா விட்டாள். அக்கா சீர்த் தாம்பாளத்தைத் தூக்கி வருவதும், அம்மா 'வெச்சிரு' என்றதும் வைப்பதும் சீக்கிரம் படிந்துவிட்டது. சேலைதான் முக்கியம். "புடி சாமி, உட்ராத" என்று அம்மா அவள் முனையைக் கையில் கொடுப்பாள். அக்கா இறுக்கிக்கொள்வாள். நான் விளையாட்டுக்கு என் முனையை நழுவ விடுவேன். அவள் குனிந்து எடுத்து, என் உள்ளங்கையில் அழுத்தி, "புடி" என்பாள். மறுபடி விடுவேன். மறுபடி எடுத்துக் கொடுப்பாள். கோபமே வராது. அம்மாவும் என்னைத் திட்டவில்லை. "இன்னொருக்கா உடு பாக்கலாம்" என்றுகூடச் சொல்வாள். பழக்கம் முடிந்ததும் அவளே வந்து அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சேலையை வாங்கிக்கொள்வாள். தாம்பாளத்துக்குச் சொன்ன 'வெச்சிரு'வை அவள் சேலைக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அதில் எனக்கு அப்போது ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

கல்யாணத்தன்று காலையில் அக்காவுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை வாரி, அரக்கு நிறப் பட்டைக் கட்டிவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் கொட்டகைக்குப் போய் அழுதது. மேளம் கொட்டும் சத்தம் கேட்டதும் அழுதுகொண்டிருந்தால் வேடிக்கை போய்விடுமே என்று எழுந்து வந்தேன். அம்மா வெள்ளைச்சேலைக்காரி. நல்ல காரியம் நடக்கிற பந்தலுக்கு அவள் வரக்கூடாது. வீட்டுக்குள் நிலைப்படிக்கு இந்தப்புறம், கதவை ஒட்டி நின்றிருந்தாள். நானும் போய் அவள் முன்னால் நின்றுகொண்டேன்.

பந்தல் நிறைய ஜனம். மாப்பிள்ளையை அழைத்துப்போகப் பெண்ணின் தாய்மாமன் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வாசலில் வண்டிகள் பூட்டி நின்றன. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களை நடத்திவைக்கிறவரை அருமைக்காரர் என்போம். அவர் கூறைச்சேலையை விரித்து ஒரு முனையை அண்ணனிடமும் மறுமுனையை அக்காவிடமும் கொடுத்தார். அக்கா இறுக்கிக்கொண்டாள். பூவும் அரிசியும் விழுந்தன. எல்லாம் ஒழுங்காக நடந்தது. பெரியப்பாவின் முகத்தில்கூடக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

"ஆச்சு சாமி. சேலையைக் குடு" என்று அருமைக்காரர் கையை நீட்டினார்.

அக்கா கொடுக்கவில்லை.

"உடு கண்ணு" என்றார் அவர். அக்கா தலையை ஆட்டினாள். பெரியப்பா வந்து மெதுவாக இழுத்துப் பார்த்தார். அக்கா சேலையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். பந்தலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்னொருவர், "இதுக்குத்தான் சொன்னது" என்றார். பெண்ணின் தாய்மாமன் வெயிலைப் பார்த்தார். "முகூர்த்தத்துக்குப் போய்ச் சேரோணுமுங்க. பொண்ணு சேலைக்குக் காத்துட்டு இருக்குமல்லங்க?" என்றார். அந்த 'அல்லங்க'வில் இருந்த எரிச்சல் எனக்கே புரிந்தது.

அண்ணன் முகம் கறுத்துவிட்டது. "வெச்சிரு அம்மிணி" என்று முனகினான். அவள் கேட்கவில்லை. அவமானம் தாங்காமல் அவன் தன் கையிலிருந்த முனையைக் கீழே விட்டுவிட்டான். அக்கா குனிந்தாள். அதை எடுத்தாள். அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தி, "புடி" என்றாள். பந்தலே சிரித்தது. அவன் மறுபடி விட்டான். அவள் மறுபடி எடுத்துக் கொடுத்தாள். "ண்ணா. புடி." மூச்சு வாங்கிற்று அவளுக்கு. உதட்டில் நீலம் ஏற ஆரம்பித்திருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. இதென்ன பெரிய வித்தை, ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவாளே! 'வெச்சிரு' என்று கத்த வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து அம்மாவின் கை வந்து என் வாயைப் பொத்தியது. திமிறினேன். கை இன்னும் இறுகியது.

பெரியப்பா எங்கள் பக்கம் திரும்பி, "ஏம்மா, நீயாச்சும் ஒரு சத்தம் குடேன்!" என்று கெஞ்சினார். அம்மா கதவோரம் நின்று அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். அக்கா அவன் கையைத் தன் குட்டை விரல்களால் மூடி, சேலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பந்தலில், அத்தனை பெரியவர்கள் முன்னால், எங்கள் அண்ணன் ஓவென்று அழுதான்.

"புடிச்சுட்டன் சாமி" என்றான். "புடிச்சுட்டன். உட மாட்டன்."

"உட்ராத" என்றாள் அக்கா.

"உட மாட்டன். நான் இருக்கற மட்டும் உன்னைய உட மாட்டன்." திரும்பிப் பெண்ணின் தாய்மாமனைப் பார்த்துச் சொன்னான். குரல் உடைந்தாலும் பந்தல் முழுக்கக் கேட்டது. "மாமா, நீங்க அங்க போயிச் சொல்லிப்போடுங்க. இவ இந்த ஊட்டுலதான் இருப்பா. எங்கம்மாளும் இங்கதான் இருக்கும். சாளைக்கும் போகாது, கோயலுக்கும் போகாது. இதுக்குச் சம்மதம்னா நான் வண்டி ஏறறனுங்க."

மேளக்காரர்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார். தாய்மாமன் அக்காவையும் அவள் கையிலிருந்த சேலையையும் பார்த்தார். பிறகு எழுந்து துண்டை இடுப்பில் கட்டினார். "சபையில சொன்னதுக்கு மேல என்னங்க மாப்ள இருக்குது. நான் சொல்லிக்கறன். நேரமாவுது, கெளம்பலாமுங்க" என்றார்.

என் வாயிலிருந்து கை விலகியது. என் தலைக்கு மேலே அம்மாவின் குரல் கேட்டது. உரக்கக்கூட இல்லை.

"வெச்சிரு சாமி."

அக்கா சேலையை அருமைக்காரர் கையில் வைத்தாள். எங்களைத் திரும்பிப் பார்த்து, ஒரு வேலையை முடித்தவள் மாதிரி சிரித்தாள்.

அதற்குப் பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அண்ணி வந்த புதிதில் அக்காவிடமிருந்து தள்ளியே நின்றாள். பிரியமாகத் தாங்கினாள் என்று சொன்னால் அது பொய். முதல் பிள்ளைக்கு மாசமானபோது தாய்வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். நல்லபடியாகப் பெற்றெடுத்துத் திரும்பி வந்த பிறகுதான் பயம் தெளிந்தது. அந்தப் பிள்ளையின் தூளிக்கயிற்றை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு அண்ணி நிம்மதியாகக் காட்டுக்குப் போகிற காலமும் வந்தது. சாவில் அம்மா முந்திக்கொண்டாள். அப்புறமும் சில வருஷம் அக்கா அந்த வீட்டிலேயே தயிர் கடைந்துகொண்டிருந்தாள். ஒரு மார்கழியில் மூச்சு முட்டியபோது அண்ணன்தான் மடியில் கிடத்திக்கொண்டிருந்தான். கடைசிவரை அவள் அவன் விரலை விடவில்லை என்று அண்ணி எனக்குச் சொல்லி அழுதாள்.

ஆனால் எனக்கு இன்றைக்கும் முதலில் ஞாபகம் வருவது கல்யாணத்தன்று வண்டிகள் போய்ப் புழுதி அடங்கிய நேரம்தான். வெறும் பந்தலைப் பார்த்துக்கொண்டு அம்மா நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கோபம் தீரவில்லை.

"மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உட்டிருப்பாளே. நானாச்சும் சொல்லியிருப்பன். எதுக்கு என்ற வாயைப் பொத்துனீங்க?" என்று கேட்டேன்.

"சபையில பொட்டப்புள்ள சத்தம் போடக்கூடாது சாமி" என்றாள் அம்மா.

நானும் நம்பிவிட்டேன். என் வாயைப் பொத்தியிருந்த அந்தக் கையில் வெண்ணெய் வாசம் அடித்ததும், அது விடாமல் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டே இருந்ததும் எனக்கு நன்றாகத் தெரியும். சபையில் சத்தம் போடக்கூடாது என்பதற்கு ஒரு கை ஏன் அப்படி நடுங்க வேண்டும் என்று கேட்க மட்டும் எனக்குத் தெரியவில்லை.